இரவல் நூலும் இராமானுஜனும்

இவ்விழா மலருக்குப் பெரியார் ஒருவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் பணித்தபோது, யாரை எழுதுவதென்று நாம் நெடிது ஆராயவில்லை. மாலைப் படிப்பு வேளையில், பூமிசாஸ்திரப் புத்தகத்தின் நடுவே வேறொரு புத்தகத்தை விரித்து வைத்துப் படித்துக் கையும் மெய்யுமாக அகப்பட்ட விடுதி மாணவருள் நாமும் அடங்குவோம். அன்று பறிபோனது ஒரு துப்பறியும் கதை. கதை முடிவுக்கு இன்னும் பத்துப் பக்கங்களே எஞ்சியிருந்தன. கொலை செய்தவன் யாவன் என்பது இன்றுகாறும் எமக்குத் தெரியாது. பரீட்சைக்கு உதவாத நூலில் மனத்தைப் பறிகொடுத்த மாணவனை என்ன செய்வது என்னும் வினா, அன்று எம்மைப் பிடித்த ஆசிரியருக்கு மிக எளிதாக இருந்தது. நாமே பெற்றோராகிய பின்னர் அஃது அத்துணை எளிதாகத் தோன்றவில்லை. அவ்வினாவின் இரு பக்கங்களையும் தம் வாழ்க்கையிலேயே அநுபவித்தவர் ஒருவர் உளர். அவரே கணிதமேதை சீனிவாச இராமானுஜன்.

இராமானுஜன் 1887 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 22 ஆந் திகதி ஈரோட்டிலே தாய்வழிப் பாட்டியாரின் இல்லத்திற் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில். தந்தையார் சீனிவாச ஐயங்கார் ஒரு புடைவைக்கடையிற் கணக்கெழுதி வந்தவர். தாயார் கோமளத்தம்மாள் கோயிலிற் பஜனை பாடுபவர். சாரங்கபாணி சந்நிதித் தெருவிலிருந்த அவர்களது சிறு வீட்டிற்கு வருவாய் போதாமையால், அவ்வூர் அரசினர் கல்லூரியிற் பயின்ற வெளியூர் மாணாக்கர் சிலரை வாடகைக்கு இருத்தியிருந்தனர். வறுமை காரணமாக வந்து சேர்ந்த இவ்விளைஞரே இராமானுஜனுக்கு வாய்த்த முதலாவது நூல்நிலையம் எனலாம்.

1898 ஆம் ஆண்டில் அவர் கும்பகோணம் நகர உயர்நிலைப் பள்ளியிற் சேர்ந்தார். அங்கே அவர் கண்டது தண்டனையும் புறக்கணிப்பும் அல்ல. மேதைகளின் சரிதங்களிற் பள்ளிக்கூடத்தைக் கொடுஞ்சிறையாக வருணிப்பது ஒரு வழக்கமாகிவிட்டது. இராமானுஜன் விஷயத்தில் அது பொருந்தாது. ஆயிரத்துக்கு மேற்பட்ட மாணவரை ஆசிரியரிடையே பங்கிட்டு நேரசூசி வகுக்கும் வேலையைக் கணித ஆசிரியர் இச்சிறுவனிடமே ஒப்படைத்தார். பரிசளிப்பு விழாக்களில் ஆங்கிலக் கவிதை நூல்கள் அவருக்குப் பரிசாகக் கிடைத்தன. 1904 இல் கணிதத்துக்கான ரங்கநாத ராவ் பரிசை அவருக்கு வழங்கிய தலைமையாசிரியர் கிருஷ்ணசாமி ஐயர், முழுப் புள்ளிக்கும் மேலாகவே இவனுக்குப் புள்ளியிடல் தகும் என்று சபையோர் கேட்கச் சொன்னாராம். பள்ளிக்கூடத்துக்குள் அவர் செல்லப்பிள்ளை. ஆயினும், அவரை ஆக்கிய நூல்கள் இரண்டும் பள்ளிக்கூடத்துக்கு வெளியேயிருந்து வந்தவை. இரண்டும் இரவல்.

முதலாவது, லோனி என்பார் எழுதிய திரிகோண கணித நூல். அஃது 1893 இல் வெளிவந்தது. கல்லூரி மாணவர்க்குரிய அந்நூலை வீட்டிலிருந்த இளைஞர் ஒருவர் கொடுக்க, இராமானுஜன் பதின்மூன்று வயதளவில் அதனைத் தாமே முற்றக் கற்றார். அந்நூலின் இரண்டாம் பாகம் சிக்கலெண்களையும் முடிவிலித் தொடர்களையும் தொட்டுச் செல்வது. அதனாற் கிளர்ச்சியுற்ற சிறுவன் தானும் சில பேறுகளைக் கண்டறிந்து காகிதத்தில் எழுதி வைத்தான். பின்னர் அவை நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே ஓய்லர் என்னும் பேரறிஞராற் கண்டறியப்பட்டவை எனத் தெரியவந்தபோது, வெட்கம் மேலிட்டு அக்காகிதங்களைக் கூரைக்குள் ஒளித்து வைத்துவிட்டான் என்பர். யாரும் பரீட்சிக்கவில்லை, யாரும் புள்ளியிடவில்லை. அப்படியிருந்தும் வெட்கம் வந்தது. தானே விரும்பிக் கற்றவனுக்கே வரக்கூடிய வெட்கம் அது.

இரண்டாவது நூலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லல் வேண்டும். 1903 ஆம் ஆண்டில், பதினாறாம் வயது நடக்கையில், நண்பர் ஒருவர் அரசினர் கல்லூரி நூல்நிலையத்திலிருந்து எடுத்து வந்து கொடுத்த தடித்த நூல் அது. ஜோர்ஜ் ஷூபிறிட்ஜ் கார் என்பவர் தொகுத்த கணிதப் பேறுகளின் சுருக்கம். இந்தக் கார் ஒரு பேரறிஞர் அல்லர். இலண்டனிலே பரீட்சைக்கு மாணவரைப் பயிற்றி வயிறு வளர்த்த தனிப்பட்ட ஆசிரியர். நாற்பதை அணுகும் வயதிலே தாமே கேம்பிரிட்ஜுக்குச் சென்று மாணவராகச் சேர்ந்து, 1880 இற் கணிதப் பரீட்சையில் இரண்டாம் வகுப்பிற் பன்னிரண்டாமவராகத் தேறியவர். அதே ஆண்டிலேதான் தம் நூலின் முதற்பாகத்தையும் வெளியிட்டார். முழுநூல் 1886 இல் நிறைவெய்தியது. பரீட்சைக்குப் போகிறவன் கடைசி நேரத்திற் புரட்டிப் பார்ப்பதற்கென்று செய்த நூல் என்பதை மறைப்பதற்கில்லை. இக்காலத்துக் கடைத்தெருவில் விற்கும் வினாவிடைக் குறிப்புகளின் பாட்டனார் எனினும் தவறாகாது.

அதில் ஏறத்தாழ 5000 பேறுகள் இலக்கமிட்டு அடுக்கப்பட்டிருந்தன. முதலாவது இலக்கத்தில் நிற்பது இரு வர்க்கங்களின் வித்தியாசத்தைக் காரணிகளாக்கும் சமன்பாடு. எட்டாம் வகுப்பு மாணவனுக்கும் தெரிந்தது. அங்கிருந்து அட்சரகணிதம், திரிகோண கணிதம், பகுமுறைக் கேத்திரகணிதம், வகையீடு, தொகையீடு என்று படிப்படியாக ஏறிச் செல்கின்றது. நிறுவல்கள் பெரும்பாலும் இல்லை. உள்ள இடத்திலும் இன்ன இலக்கத்தைப் பார்க்க என்ற அளவே. சாதாரண மாணவனுக்கு இது பெருங்குறை. இராமானுஜனுக்கோ அதுவே விருந்தாயிற்று. ஒவ்வொரு பேறும் ஒரு விடுகதையாக நின்று அவரை அழைத்தது. நிறுவலைத் தாமே தேடினார். தேடும் வழியிற் புதியன சில தென்பட்டன. அவற்றைத் தேடி மேலுஞ் சென்றார். நாம் துப்பறியும் கதையின் பக்கங்களைப் புரட்டியது போலவே அவரும் அந்நூலின் பக்கங்களைப் புரட்டியிருப்பார் என்று எண்ணுகின்றோம். ஒரு வேறுபாடு உண்டு. எமது கதையில் முடிவு கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தது. அவரது நூலில் முடிவு மாத்திரமே எழுதியிருந்தது, கதையை அவரே எழுத வேண்டியிருந்தது.

1904 இல் அவர் அரசினர் கல்லூரிக்குப் புலமைப் பரிசிலோடு சென்றார். தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ் என்று புகழப்பெற்ற கல்லூரி அது. அங்கே அவருக்குக் கணிதம் ஒன்றே கண்ணுக்குத் தெரிந்தது. ஏனைய பாட வேளைகளிலும் தொடர்களையும் சமன்பாடுகளையும் எழுதிக்கொண்டிருந்தார். ஆங்கிலக் கட்டுரையிற் சித்தியெய்தாமையாற் புலமைப் பரிசில் பறிபோயிற்று. பள்ளியில் ஆங்கிலக் கவிதை நூல்களைப் பரிசாக வாங்கிய அதே பிள்ளை! 1905 இல், வீட்டாருக்குச் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடிப்போனார். காணாமற்போன பிள்ளையைப் பற்றிப் பத்திரிகையில் அறிவித்தல் வெளியாயிற்று. 1906 இற் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்தார். அங்கே உடற்றொழிலியல் அவரை மறித்தது. அவ்வாண்டும் அதற்கடுத்த ஆண்டும் எப். ஏ. பரீட்சையில் தோல்வியே கண்டார். கணிதத்தில் உச்சம், மற்றவற்றிற் பூச்சியம் என்ற நிலை. பல்கலைக்கழக வாயில் அடைபட்டது.

இங்கே நாம் இருபக்கமும் நோக்குதல் கடன். கல்லூரியைக் குறைகூறுவது எளிது. அக்காலச் சட்டம் எல்லாப் பாடங்களிலும் தேறுதலை வேண்டியது. அதனை மீறும் அதிகாரம் எந்த ஆசிரியருக்கும் இல்லை. தாய்தந்தையரின் வேதனையும் சிறிதன்று. புலமைப் பரிசிலை நம்பிய குடும்பம் அது. வாசிப்பு இன்பந்தரும் என்பதை மட்டும் சொல்லி, அஃது ஒரு பிள்ளையின் ஐந்தாறு ஆண்டுகளை விழுங்கிவிடவுங் கூடும் என்பதைச் சொல்லாது விடுவது, இம்மலரைப் படிக்கும் மாணவருக்கு நாம் செய்யும் வஞ்சனையாகும்.

அடுத்துவந்த ஆண்டுகளை அவர் திண்ணையில் இருந்து சிலேற்றில் எழுதிக் கழித்தார். காகிதம் வாங்கப் பணம் போதாது. சிலேற்றிற் போட்ட கணக்கை முழங்கையால் அழித்துவிட்டு, இறுதியில் வந்த பேற்றை மாத்திரம் குறிப்பேட்டிற் பதிந்தார். 1909 இற் சானகியைத் திருமணம் செய்துவைத்தனர். இனி வருவாய் தேடியே ஆகவேண்டும். 1910 இற் குறிப்பேடுகளைச் சுமந்துகொண்டு திருக்கோவிலூருக்குச் சென்று, அங்கே துணைக் கலெக்டராயிருந்த இராமசாமி ஐயரைக் கண்டார். இந்தியக் கணிதக் கழகத்தை 1907 இல் நிறுவியவர் அவர். சிறிய எழுதுவினைஞர் வேலை ஒன்றே இராமானுஜன் கேட்டது. குறிப்பேட்டைப் புரட்டிய ஐயர், இவரை அலுவலகத்தில் அடைத்து வைப்பது பாவம் எனக் கருதி, வேலை கொடாது சென்னைக்குக் கடிதங் கொடுத்து அனுப்பினார். வேலை கொடுக்க மறுத்தமையால் ஒருவர் செய்த உதவிக்கு இதனினும் சிறந்த உதாரணம் எமக்குத் தெரியாது. பின்னர் நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபா தந்து ஆதரித்தார். 1912 மார்ச் மாதம் முதல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாச் சம்பளத்தில் எழுதுவினைஞரானார். 1913 சனவரி 16 ஆந் திகதி கேம்பிரிட்ஜிலிருந்த ஹார்டிக்குக் கடிதம் எழுதினார்.

இக்கடிதம் சென்று சேர்ந்த கதையை யாவரும் அறிவர். அதனைப் பெற்றவர் இளமையில் என்ன படித்தார் என்பதைப் பலர் அறியார். அதனைச் சொல்லவே நாம் சற்று வழி விலகுகின்றோம்.

ஹார்டி 1877 இற் பிறந்தவர். பள்ளியாசிரியரின் மகன். விஞ்செஸ்டர்ப் பள்ளியிற் பயின்ற நாளில், பதினைந்து வயதளவில், அவர் கையில் ஒரு நாவல் அகப்பட்டது. திரினிற்றிக் கல்லூரி மாணவர் இருவரைப் பற்றியது. அலன் சென்ற் ஒபின் என்னும் புனைபெயரில் ஒரு பெண்மணி எழுதியது. இலக்கியத் தரத்தில் அது மிகத் தாழ்ந்த நூல் என்று பிற்காலத்தில் ஹார்டியே ஒப்புக்கொண்டார். கதாநாயகருள் ஒருவன் நல்லவன், மற்றவன் வழிதவறுபவன். நல்லவன் இறுதியிற் கல்லூரியின் பெல்லோ என்னும் பதவியைப் பெற்று, மூத்தோர் கூடத்தில் அமர்ந்து திராட்சை மதுவும் வால்நட்டும் உண்ணுகின்றான். அந்தக் காட்சி சிறுவன் ஹார்டியின் உள்ளத்தைப் பற்றிக்கொண்டது. தானும் அங்கே அமர வேண்டும். அதற்கு வழி கணிதம். கணிதத்தின் பெருமையை உணர்ந்து அவர் கணிதத்துக்குப் போகவில்லை. வால்நட்டுத் தின்னப் போனார். எம்மிடமிருந்து பறிக்கப்பட்ட துப்பறியும் கதையைப் பற்றி இப்போது நமக்கு ஒரு நியாயம் கிடைத்துவிட்டதாகக் கருதிக்கொள்கின்றோம்.

ஆனால் ஹார்டியின் கதை அங்கே முடியவில்லை. 1896 இல் திரினிற்றிக் கல்லூரியை அடைந்த அவர், அங்கு நடந்த பரீட்சைப் பயிற்சியைக் கண்டு மனம் வெறுத்து, கணிதத்தைக் கைவிட்டுச் சரித்திரம் படிக்கவும் எண்ணியதுண்டு. அப்பொழுது லவ் என்னும் ஆசிரியர், பாடத்திட்டத்துக்கு அப்பாற்பட்ட ஒரு பிரெஞ்சு நூலைப் படிக்குமாறு சொன்னார். ஜோர்தான் என்பவரின் கணிதப் பகுப்பு நூல் அது. கணிதம் என்பது யாது என்பதை அந்நூலைப் படித்தபோதே முதன்முதல் உணர்ந்ததாக ஹார்டி பதிவு செய்திருக்கின்றார். இழிந்த நாவல் ஒன்று வாசல்வரை கொண்டுவந்தது. அடுத்த நூல் எது என்று சொல்ல ஒருவர் உள்ளே இருந்தார்.

இராமானுஜனுக்கு அத்தகைய ஒருவர் இருக்கவில்லை. கார் என்பவரின் நூலை முடித்த பின், இதோ அடுத்தது என்று எடுத்துக் கொடுக்கக் கும்பகோணத்தில் ஒருவரும் இலர். எடுத்துக் கொடுக்க அலுமாரியில் நூலும் இருக்கவில்லை. விற்றேக்கர் எழுதிய நவீன பகுப்புக் கணித நூல் 1902 இல் வெளிவந்துவிட்டது. அஃது இன்னும் அங்கே வந்து சேரவில்லை. முடிவிலித் தொடர்களைப் பற்றிய புரொம்விச் என்பவரின் நூல் 1908 இலேயே பிறந்தது. காரின் நூலோ அது எழுதப்பட்ட நாளிலேயே பழைமைப்பட்ட கணிதம். சிக்கல் மாறிகளின் சார்புகளைப் பற்றி ஐரோப்பாவில் அரைநூற்றாண்டுக்கு மேலாக வளர்ந்திருந்த கணிதத்தை அதிற் காண்டல் அரிது. இதனால் விளைந்த நட்டத்தை ஹார்டிக்குச் சென்ற கடிதத்திலேயே காணலாம். அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்ட பேறுகளுட் பல, உலகில் எவரும் அதுவரை கண்டிராதவை. ஹார்டியும் அவர் தோழர் லிட்டில்வூட்டும் திகைத்தனர். அதே கடிதத்தில், முதன்மை எண்கள் எத்தனை என்று கணிக்க இராமானுஜன் தந்த வழி பிழையாயிருந்தது. அறிவுக் குறைவினால் வந்த பிழை அன்று; படிக்கக் கிடையாத ஒரு நூலினால் வந்த பிழை. கடிதத்திலிருந்த மற்றுஞ் சில, தெரியாமலே ஐரோப்பியர் கண்டவற்றை மீண்டும் கண்டவை. கூரைக்குள் ஒளித்த காகிதத்தின் கதை பெரிய அளவில் மீண்டும் நிகழ்ந்தது.

இராமானுஜன் இளமையில் இறந்ததைவிட, பதினெட்டுக்கும் இருபத்தைந்துக்கும் இடைப்பட்ட ஆண்டுகள் வழிகாட்டியின்றிக் கழிந்ததே பெருந்துயரம் என்று ஹார்டி பிற்காலத்திற் கருதினார். இக்கருத்தோடு முற்றும் உடன்படுதல் எமக்கு இயலவில்லை. முப்பத்திரண்டில் ஒருவர் மறைவதினும் பெரிய துயரம் எது? ஆயினும் பள்ளிக்கூடத்தோடு தொடர்புடையோர் சிந்திக்க வேண்டியது ஹார்டியின் கருத்தையே.

1914 மார்ச் 17 ஆந் திகதி நெவாசா என்னும் கப்பலில் இராமானுஜன் சென்னையை நீங்கினார். அக்கப்பல் கொழும்புத் துறைமுகத்தைத் தொட்டே மேற்கே சென்றது. அந்நாளில் அவரை இங்கு அறிந்தார் இலர். கேம்பிரிட்ஜில் ஹார்டி அவருக்குக் கற்பிக்க வேண்டியும் இருந்தது, கற்பிக்க அஞ்சவும் வேண்டியிருந்தது. நிறுவல் நிறுவல் என்று நெருக்கினால், அவரது ஊற்றே வற்றிவிடுமோ என்ற அச்சம். அறியாதவற்றை அறிவித்தும், அறிந்தவற்றைக் குலைக்காதும் அவர் நடந்துகொண்டார். சென்னையில் இருமுறை எப். ஏ. பரீட்சையில் தவறியவருக்குக் கேம்பிரிட்ஜ் 1916 இல் ஆராய்ச்சிக்காகவே பட்டமளித்தது. 1918 இல் றோயல் சங்கத்தின் அங்கத்துவமும், அவ்வாண்டு ஒக்டோபரில் திரினிற்றிக் கல்லூரியின் பெல்லோ பதவியும் வந்தன. ஹார்டி நாவலிற் படித்து ஆசைப்பட்ட அதே பதவி. தாவர போசனமே உண்டு, தாமே சமைத்துக்கொண்ட இராமானுஜன், மூத்தோர் கூடத்து மதுவை நாடியவர் அல்லர்.

அதற்குள் நோய் பற்றிவிட்டது. யுத்த காலத்து உணவுத் தட்டுப்பாடும் குளிரும் தனிமையும் சேர, 1917 முதல் மருத்துவ நிலையங்களிலேயே பெரும்பொழுது கழிந்தது. 1919 மார்ச் மாதத்தில் தாயகம் மீண்டார். 1920 ஏப்பிரல் 26 ஆந் திகதி சென்னைச் சேத்துப்பட்டில் உயிர் நீத்தார். கடைசி ஆண்டிலும் எழுதுவதை நிறுத்தவில்லை. அக்காகிதங்கள் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து 1923 இல் ஹார்டிக்கு அனுப்பப்பட்டன. பின்னர்க் கைமாறி, வற்சன் என்னும் கணித அறிஞரின் தாள்களோடு தாளாகக் கலந்து மறைந்தன. 1976 இல் அமெரிக்கப் பேராசிரியர் ஜோர்ஜ் அன்றூஸ் திரினிற்றிக் கல்லூரி நூல்நிலையத்தில் வேறு காரியமாகப் பழைய தாள்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, நூற்றுக்கு மேற்பட்ட பக்கங்கள் இராமானுஜனின் கையெழுத்திலே கிடந்தன.

கார் என்பவரைக் கேம்பிரிட்ஜில் அவர் படித்த கல்லூரியும் மறந்துவிட்டது. கும்பகோணத்துச் சிறுவன் ஒருவன் படித்தமையால் மாத்திரமே அவர் பெயர் நிலவுகின்றது. இராமானுஜன் விட்டுச்சென்ற மூன்று குறிப்பேடுகளையும் புரட்டிப் பார்ப்போர், அவை காரின் நூலைப் போன்றே இலக்கமிட்ட பேறுகளின் நீண்ட அடுக்காக, நிறுவல் ஏறத்தாழ இன்றி அமைந்திருத்தலைக் காண்பர். அக்குறிப்பேடுகள் 1957 இற் பம்பாயில் உள்ளவாறே படமெடுத்து அச்சிடப்பட்டன. கார் விட்ட நிறுவல்களை இராமானுஜன் தேடியது போல, இராமானுஜன் விட்ட நிறுவல்களை மற்றோர் தேடலாயினர். புரூஸ் பேண்ட் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் 1985 தொடங்கி 1998 வரை வெளியிட்ட ஐந்து தொகுதிகளில், மூவாயிரத்துக்கு மேற்பட்ட அப்பேறுகளை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்து முடித்தார்.